தங்கத்துக்குப் பிறந்த வீடு

தங்கத்துக்குப் பிறந்த வீட்டில் விசேஷம் வந்ததே ஒரு வருஷம், எங்கள் வெள்ளாங்கரையில் யார் கழுத்தில் கிடப்பது என்ன, யார் கையில் கிடப்பது என்ன என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோன வருஷம், ஆவுடைத்தாய் செய்த காரியமும் அந்தக் கூத்தோடு கூத்தாகத்தான் வெளியே வந்தது. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள், நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி, முக்கால்வாசியை என் கண்ணால் பார்த்தவள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆவணி முகூர்த்தம், காலை நேரம், போஸ்ட்மாஸ்டர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மண்டபத்தில் இருந்த தங்கமெல்லாம் முனக ஆரம்பித்தது. முதலில் கிணற்றுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி அடங்கின சத்தம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கொசு காதுக்குள் பாடுகிற அளவுக்குக் கூர்மையாகி, சட்டென்று நின்றது. நின்ற அந்த நொடியில் சங்கிலிகள் நெஞ்சைவிட்டு எழுந்தன, வளையல்கள் மணிக்கட்டில் ஒருபக்கமாக ஒதுங்கின, ஜிமிக்கிகள் காதை இழுத்துக்கொண்டு நின்றன, மாப்பிள்ளை கையிலிருந்த தாலி உட்பட எல்லாமாகச் சேர்ந்து அரிசி மில் புகைக்கூண்டுக்கு மேலே தெரிகிற வானத்து மூலையைப் பார்த்துச் சாய்ந்தன. யாரும் கத்தவில்லை. ஐயர் தாலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மணமக்களை எழுப்பி, மணையை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்காரவைத்து, தாலி போகிற போக்கிலேயே கட்டச் சொன்னார், முகூர்த்தம் தவறாமல் கல்யாணம் முடிந்தது.

காரணம் மறுநாள் பேப்பரில் வந்தது. வெகுதூரத்தில் செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே கிடந்தனவாம். செத்த நட்சத்திரம் என்றால் எரிந்து தீர்ந்து, தனக்குள் தானே இடிந்து விழுந்து, ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கிப்போய்க் கிடக்கிற ஒன்று, அதில் ஒரு கரண்டி அள்ளினால் பொதிகை மலை கனம் கனக்குமாம். அப்படிப்பட்ட இரண்டு, சுற்றுக்குச் சுற்று நெருங்கி நெருங்கி, கடைசியில் வேகம் பிடித்து ஒன்றோடொன்று மோதிக் கலந்தபோது வானமே குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடித்து, அந்த அலை கோடிக்கணக்கான வருஷம் நடந்து அன்றைக்குத்தான் நம்மைக் கடந்து போயிருக்கிறது. அந்தக் கலப்பில் தெறிக்கிற சாம்பலில்தான் தங்கம் பிறக்கிறதாம். நம்மிடம் இருக்கிற தங்கமும் நம் பூமியில் பிறந்தது கிடையாதாம், சூரியனே பிறக்காத காலத்தில் இதே மாதிரி ஏதோ ஒரு சோடி கலந்தபோது பிறந்து, அலைந்து திரிந்து இங்கே வந்து சேர்ந்ததாம். வெள்ளாங்கரையில் நகை சாய்ந்ததைப் பற்றி மட்டும் பேப்பர்காரன் ஒரு வரி போடவில்லை. போடாவிட்டால் போகிறான். வாக்கப்பட்டு வந்த ஒருத்திக்குப் பிறந்த வீட்டு வகையில் விசேஷம் என்றால் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்காமல் இருப்பாளா, தங்கமும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தது என்று எங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொண்டோம், எங்களுக்கு அது போதும்.

திரும்பிப் பார்க்காத நகைகளும் மண்டபத்தில் இருந்தன, வம்பு அங்கேதான். என் சங்கிலி பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது, ஆனால் அது கவரிங் என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும், நான் பாட்டுக்கு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தேன். பெரிய பெரிய வீட்டுக்காரிகள் திடீரென்று குளிர் எடுத்தவர்கள் மாதிரி சேலையைப் போர்த்திக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டரின் தங்கச்சி, எல்லோரையும் ஏற இறங்கப் பார்க்கிறவள், ஒட்டியாணத்தோடு பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனாள். இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மேடைக்குக் கீழே அட்சதைத் தட்டோடு நின்ற வடிவைப் பார்க்கிற வரைக்கும்.

வடிவு ஆவுடைத்தாயின் மருமகள். மகன் கோமதிநாயகம் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், மாமியாரும் மருமகளும் மட்டும்தான் வீட்டில். வடிவின் அப்பா தளவாய்க்கு ஆற்றுக்குத் தெற்கே ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது, அந்த வெற்றிலையைக் கிள்ளிக் கிள்ளித்தான் தாயில்லாத மகளை வளர்த்து, ரெட்டைவடச் சங்கிலியும் கை நிறைய வளையலும் போட்டு அனுப்பினார். அன்றைக்கு வடிவின் கழுத்தில் மாப்பிள்ளை வீட்டார் செய்த தாலி எழுந்து வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்க, அதன் இரண்டு பக்கமும் அப்பா போட்ட ரெட்டைவடம் செத்த பாம்பு போலக் கிடந்தது. வளையலில் ஒன்றுகூட அசையவில்லை. வடிவு குனிந்து பார்த்தாள். பிறகு சங்கிலியை விரலால் மெதுவாகத் தட்டினாள், தூங்குகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரி. பந்தியில் சாம்பார் வருவதற்குள் சேதி மண்டபம் முழுக்கப் போய்விட்டது, கொடிக்கால்காரன் பெற்ற மகளுக்கே பித்தளையைப் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று. நாங்கள் எல்லோரும்தான் பேசினோம், நானும் பேசினேன்.

பேசாமல் இருந்தது ஆவுடைத்தாய் ஒருத்திதான். அவளுக்குத்தானே தெரியும்.

ஆவுடைத்தாய் கெட்டவள் கிடையாது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். புருஷன் போனபோது மகன் இடுப்பில், மகள் வயிற்றில். மாடு வைத்துப் பால் ஊற்றி இரண்டையும் ஆளாக்கினாள், ஒருத்தரிடம் போய் ஒன்று என்று கேட்டது கிடையாது. உறை ஊற்ற மோர் இல்லையென்றால் எதிர்வீடுதானே என்று என்னிடம் கேட்கலாமே, கேட்கமாட்டாள், அன்றைக்குப் பாலைப் பாலாகவே காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஒரு இளக்காரம், எங்களுக்கும் அவள்மேல் அதனால் ஒரு மரியாதை. மகனுக்குக் கல்யாணமாகி வடிவு வந்தாள், எல்லா வீட்டு வழக்கப்படி மருமகள் நகை மாமியார் பீரோவுக்குப் போனது. அடுத்த தையிலேயே மகள் பூங்கோதைக்கு வடக்கே நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்தது, மகன் அப்போது மஸ்கட் போகவில்லை, மாடுகளை விற்றாலும் பேசின பவுனுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

நாத்தனார் கல்யாணத்துக்கு மருமகள் நகையைக் கழற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த வழக்கம். கேட்டு வாங்குவார்கள், பிறகு செய்து போடுவார்கள், செய்யாமலும் விடுவார்கள், சண்டை வரும், போகும், அதில் மானக்கேடு ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்க வேண்டும். ஆவுடைத்தாய் கேட்பதற்காகப் பலநாள் மருமகள் பின்னால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்தாள், வாய் வரவில்லை. கடைசியில் பீரோவைத் திறந்து நகைகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊருக்குப் பஸ் ஏறிப் போய், அச்சு அசலாக அதே மாதிரி கவரிங்கில் ஒரு செட் செய்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, அசலை உருக்கி மகளுக்கு வளையலும் ஆரமும் செய்துவிட்டாள். மகன் சம்பாதித்ததும் திரும்பச் செய்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள், தங்கம் ஏறிக்கொண்டே போனது, அவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள். இத்தனைக்கும் வடிவு, கேட்டிருந்தால் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்திருப்பாள், அவள் குணம் அப்படி. கேட்பதற்கு வெட்கப்பட்டுத்தான் ஆவுடைத்தாய் திருடினாள்.

கல்யாணம் முடிந்த அந்த வாரமே தளவாய் வந்தார். கையில் ஒரு கட்டு வெற்றிலை, வாசலில் செருப்பைக் கழற்றினவர் படி ஏறவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றாள் ஆவுடைத்தாய்.

"எந்த முகத்தோட உள்ள வருவேன், சம்பந்தியம்மா. இங்கனயே நிக்கேன்."

நான் எதிர்வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"எங்கூரு ஆசாரிகிட்டதான் செஞ்சேன்" என்றார். "பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன், எந்த நேரத்துல மாத்தினாருன்னு எனக்குப் பிடிபடல. அவரும் போய்ச் சேந்துட்டாரு, யார்கிட்டப் போய்க் கேக்க? நான் ஏமாந்தவந்தான், ஏமாத்தினவன் இல்ல. உங்க வீட்டுக்கு என்னால இப்படி ஒரு தலைகுனிவு வந்துபோச்சு. மன்னிச்சிருங்க சம்பந்தியம்மா."

வயதில் மூத்த மனுஷன், இரண்டு கையையும் கூப்பிவிட்டார். வெற்றிலைக் கட்டு கீழே விழுந்தது. வடிவு உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவுடைத்தாயின் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. சொல்லிவிடப் போகிறாள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது, ஏனென்றால் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

"சரி அண்ணாச்சி, விடுங்க" என்றாள். "தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன செய்ய."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார். எப்பேர்ப்பட்ட மனுஷி என்று நாங்களும் மெச்சினோம். அவர் ஊரில் அந்த ஆசாரியின் மகனிடம் ஜனங்கள் நகை செய்யக் கொடுப்பதை நிறுத்தினார்கள். கோமதிநாயகம் மஸ்கட்டிலிருந்து போனில், உங்க அப்பாவைப் பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தேன் என்று வடிவிடம் ஒரு வார்த்தை சொன்னான், அதற்குப் பிறகு அவள் போனை மாமியாரிடமே கொடுத்துவிடுவாள். அந்த இரண்டு நட்சத்திரங்களும் கலந்தபிறகு அளவுக்கு மீறிக் கனத்துப்போய், தனக்குள் தானே புதைந்து, உள்ளே இருக்கிற வெளிச்சம்கூட வெளியே வர முடியாமல் ஆகிவிட்டிருக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியபோது, ஆவுடைத்தாய் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

இதோடு போயிருந்தால் போயிருக்கும். ஆனால் ஒருதரம் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்த தங்கத்துக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வானத்து விசேஷம் முடிந்ததும் அது பூமியில் தேட ஆரம்பித்தது, தன்னை முதல் முதலில் ஆசையாகச் செய்து போட்டவர் யாரோ அவர் இருக்கிற பக்கம் சாய ஆரம்பித்தது. ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. காதுத்தோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினால் தாய்மாமா வந்து இறங்கிவிட்டார் என்று உலையில் கூட ஒரு படி அரிசி போட்டோம். அம்மன் கோவிலில் அம்மனின் அட்டிகை ஒரு பக்கமும் ஒட்டியாணம் வேறு பக்கமும் சாய்ந்து, அட்டிகை எந்த வீட்டைப் பார்க்கிறது என்று விசாரிக்கப்போய், அது தன் உபயம் என்று சொல்லிவந்த தர்மகர்த்தா கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு புதுமாப்பிள்ளையின் மோதிரம் மாமனார் வீட்டைப் பார்க்காமல் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்தது, அதை வைத்து ஒரு மாசம் எங்களுக்குப் பொழுது போனது. போட்டவர் செத்துப்போயிருந்தால் அந்த நகை எந்தப் பக்கமும் சாயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு கதகதவென்று இருக்கும். அப்படிக் கதகதப்பு வந்த பெண்கள் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார்கள். கூட்டத்தில் மேலே குத்தாமல் இருக்கச் சங்கிலியை ஊக்கு வைத்து ரவிக்கையோடு குத்திக்கொள்ளப் பழகிக்கொண்டோம். தங்கம் என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது.

இந்தச் சாய்வு ஆவுடைத்தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று பின்னால்தான் எண்ணிப் பார்த்தோம். பூங்கோதையின் வளையலும் ஆரமும் யார் பக்கம் சாயும்? உருக்கி அடித்தாலும் பொன் அதே பொன்தானே. வடக்கே மாமியார் வீட்டில் இருக்கிறவரைக்கும் பயமில்லை, அங்கிருந்து பார்த்தால் வெள்ளாங்கரையும் தெற்கு, தளவாயின் கொடிக்காலும் தெற்கு, பிறந்த வீட்டைத்தான் பார்க்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பூங்கோதை ஏழு மாசம், இன்றைக்கோ நாளைக்கோ வளைகாப்புக்கு வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் வடிவு மாமியார் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க அப்பா கொடிக்கால விலை பேசிட்டாகளாம்" என்றாள். "அதை வித்து எனக்குப் பழையபடி நகை செஞ்சு போட்டாத்தான் சோறு இறங்கும்னு சொல்லுதாக. நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா கேப்பாக அத்தை. அதை வித்துட்டா அவுகளுக்கு என்ன இருக்கு?"

ஆவுடைத்தாய் மருமகள் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்க்காது. வீட்டில் வேறு ஆள் இல்லை, எதிரே இருப்பவள் கோபப்படத் தெரியாதவள், கொடிக்காலும் இன்னும் கைமாறவில்லை.

"எந்திரிச்சுப் போய் முகத்தைக் கழுவு" என்றாள். "விளக்கேத்துற நேரம்."

வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையைக்கூட அவள் தளவாய்க்குச் சொல்லி அனுப்பவில்லை, ஏன் வேண்டாம் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கொடிக்கால் போயிற்று. பிறகு வடிவே என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு ஆவுடைத்தாய்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் நானும் விளக்கைத்தான் ஏற்றியிருப்பேனோ என்னவோ.

வளைகாப்பு ஆவுடைத்தாய் வீட்டுக் கூடத்தில். தளவாய்க்கு வெறும் வாய்வார்த்தையாகத்தான் அழைப்பு போனது, முகம் காட்டக் கூசிக்கொண்டு கிடக்கிற மனுஷன் வரமாட்டார் என்ற கணக்கில். பூங்கோதை உடம்பு நிறைய நகையோடு வந்து மணையில் உட்கார்ந்தாள். பிறந்த வீட்டில் போட்டது அத்தனையும் தெற்கே, அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. ஆவுடைத்தாய் முன்கூட்டியே அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பாத்தீயளா, பொண்ணு நகைக்கு அம்மாவ விட்டா வேற கண்ணு கிடையாது" என்று பூங்கோதையின் மாமியார் பெருமையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். ஆவுடைத்தாயும் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வளையல்கள் மெல்ல மேற்கே நகர ஆரம்பித்தன. ஆவுடைத்தாய் எழுந்து, ஏதோ எடுக்கப் போகிறவள் மாதிரி போய், மேற்குச் சுவரோரம் நின்றுகொண்டாள். சந்தனக் கிண்ணம் சுற்றி வந்து முடிவதற்குள் அவை மேற்கையும் விட்டு வடக்கே திரும்பின, அவளும் கூடவே நகர்ந்தாள், பலகாரத் தட்டைத் தாண்டி, உட்கார்ந்திருக்கிறவர்கள் காலைத் தாண்டி, மகளைச் சுற்றிச் சுற்றி. "ஒரு இடத்துல உக்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள் பூங்கோதை. ஆவுடைத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. தெற்கே இருந்த மனுஷன் காலையில் கிளம்பி, மேற்கே ரோட்டைப் பிடித்து, வடக்கே டவுனுக்குப் போய் நகைக்கடையில் ஏறி இறங்கி, இப்போது நம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். வர வர இழுப்பு அதிகமானது, பூங்கோதையின் கைகள் மடியைவிட்டு எழுந்து வாசலைப் பார்த்து நீண்டன. ஆவுடைத்தாய் போய் வாசற்படியில் நின்றாள். அவள்தான் வாசலில், அவளைத் தாண்டித்தான் தெரு.

தளவாய் வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு பழத்துக்கு நடுவே நகைப்பெட்டி.

"சபையில வெச்சுக் குடுத்துட்டுப் போயிருதேன் சம்பந்தியம்மா" என்றார். "என் மகளுக்கு நான் போட்டது நெசம்னு நாலு பேரு பாக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்க."

அப்போதும் சொல்லியிருக்கலாம். அவர் காதோடு, நாலு பேருக்குக் கேட்காமல். ஆவுடைத்தாய் அவரையே பார்த்தாள், பிறகு கதவோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

அவர் உள்ளே வந்தார். பூங்கோதையின் வளையலும் ஆரமும் ஆவுடைத்தாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரோடு உள்ளே வந்தன. புள்ளத்தாச்சி இரண்டு கையையும் அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டு, பறந்துவிடுகிற மாதிரி நிற்கிற ஆரத்தோடு, என்ன ஏது என்று தெரியாமல் விழித்தாள். தளவாய் தான் எதற்கோ குறுக்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்று இடதுபக்கம் நகர்ந்தார். கைகள் இடதுபக்கம் திரும்பின. வலதுபக்கம் நகர்ந்தார். வலதுபக்கம் திரும்பின. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வடிவு அடுப்படியிலிருந்து பாயசக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், நாத்தனார் கையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

தளவாய் பார்த்த வரிசையும் அதேதான், கொஞ்சம் தாமதமாக. வாசலில் நின்றவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம், கத்தியிருந்தால் எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். செய்தது யாரோ, கூசிப்போனது அவர்.

பூங்கோதைக்கும் புரிந்துவிட்டது. வளையலைக் கழற்றப் பார்த்தாள், ஏழு மாசத்துக் கை வீங்கியிருந்தது, வரவில்லை, இழுத்து இழுத்து அழ ஆரம்பித்தாள். தளவாய் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கை இரண்டின்மேலும் போட்டு, தன் கையால் மெதுவாக அமுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இழுக்காதம்மா, கை வலிக்கும்" என்றார். "உம்மேல ஒரு குத்தமும் இல்ல. பச்சப்புள்ள மாதிரி அழாத." பிறகு எங்களைப் பார்த்து, "என்னம்மா வேடிக்க பாக்கீக, நேரமாகுது, வளையலப் போடுங்க" என்றார்.

நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போய்த் துண்டை விலக்கி, அவர் பிடித்துக்கொண்டிருந்த கையில் கண்ணாடி வளையல் போட்டோம். பித்தளை போட்டவன் என்று பேசின வாயோடு அவர் முகத்துக்கு நேரே குனிந்து வளையல் போடுகிறபோது, இந்தத் தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு இருந்தது. வடிவும் வந்து போட்டாள். போட்டுவிட்டு, தன் ரெட்டைவடத்தையும் வளையல்களையும் கழற்றி, மாமியார் உட்காருவதற்காகப் போட்டிருந்த பலகையின்மேல் வைத்தாள். கடைசி வளையல் ஏறியதும் தளவாய் எழுந்து, தாம்பாளத்திலிருந்து பெட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கேட்டிருக்கலாம்லா, சம்பந்தியம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வடிவு அவர் பின்னாலேயே செருப்பை மாட்டினாள்.

அவர்கள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆவுடைத்தாய் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை, பட்டப்பகலில் தெரு முழுக்க வாசல்களில் நின்று பார்க்க ஓடி வந்தாள், பின்னாலேயே நாங்களும் போனோம்.

"அண்ணாச்சி, வடிவ விட்டுட்டுப் போங்க."

"அத அவகிட்டல்லா கேக்கணும்" என்றார் தளவாய்.

ஆவுடைத்தாய் மருமகள் பக்கம் திரும்பினாள். ஒரு சொட்டு மோர் கேட்காமல் வாழ்ந்த வாய், திறக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. அவள் விடவில்லை. "கேக்கேன் வடிவு" என்றாள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "நாந்தான் எடுத்தேன். உங்க அப்பா கையெடுத்துக் கும்பிட்டப்பவும் வாய மூடிக்கிட்டு நின்னேன், கொடிக்கால விக்கப் போறாகன்னு நீ அழுதப்பவும் வாய மூடிக்கிட்டு நின்னேன். நான் எடுத்தேன்னு இத்தன பேரு முன்னால சொல்லுதேன். யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல நான், உங்கிட்டக் கேக்கேன். என்ன மன்னிச்சுரு. வீட்டுக்கு வா."

வடிவு முழுவதையும் கேட்டாள். அழவில்லை. பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"நகையக் கேட்டிருந்தா அன்னைக்கே கழத்தித் தந்திருப்பேன் அத்தை, அது எங்கிட்ட இருந்துச்சு" என்றாள். "நீங்க இப்பக் கேக்கது எங்கிட்ட இல்ல. புள்ளத்தாச்சி தனியா இருக்கா, வீட்டுக்குப் போங்க."

அப்பாவும் மகளும் ஏறினார்கள், பஸ் போனது. ஆவுடைத்தாய் அங்கேயே நின்றாள், அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக எங்களில் யாராவது போயிருக்க வேண்டும், யாரும் போகவில்லை.